பழைய கள், புது மொந்தை: கோடிகளைக் கொட்டியும் ஈஆர்பி ஏன் கவிழ்கிறது?



சிம்போசியத்துக்குப் போக ஓடி வாங்குவது எப்படின்னு உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. க்ளாஸ் அட்வைசர் கையெழுத்து, அன்றைக்கு வகுப்பு எடுக்கும் ஒவ்வொரு ஆசிரியரின் கையெழுத்து, ஹெச்ஓடி கையெழுத்து, கடைசியில் ஆபீஸ் சீல். இதை டிஜிட்டல் ஆக்கப் போகிறோம் என்று ஒரு ஃபைனல் இயர் டீம் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். அழகான ஆப். லாகின், டேஷ்போர்டு, நோட்டிஃபிகேஷன் எல்லாம் பக்கா. ஃபார்மில் ஏழு கையெழுத்து இருந்ததா? ஆப்பில் ஏழு "அப்ரூவ்" பட்டன்.

என்ன நடக்கும்? ஏழு பேரில் ஒருத்தர் லீவு. இன்னொருத்தர் ஆப்பை இன்ஸ்டால் செய்யவே இல்லை. முன்பு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாவது கையெழுத்தை வாங்கிவிடலாம். இப்போது ஸ்க்ரீனில் "பெண்டிங்" என்று வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியதுதான். கடைசியில் பழைய பேப்பர் ஃபார்மில் கையெழுத்து வாங்கி, அதை ஸ்கேன் செய்து ஆப்பில் ஏற்றுவார்கள். ஒரு வேலை இரண்டு வேலையாச்சு!

அந்த டீமின் கோடிங்கில் ஒரு தப்பும் இல்லை. ஏழு கையெழுத்து எதுக்குங்கிற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றிவிட்டார்கள்.

இந்தக் கதை கற்பனைதான். ஆனால் இதே மாதிரி உலகின் பெரிய நிறுவனங்களில், ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் செலவில், நிஜமாகவே நடந்திருக்கிறது. கேம்பஸ் இன்டர்வியூ முடித்து நம்மில் பலர் போய் உட்காரப்போவதும் இப்படிப்பட்ட ப்ராஜெக்ட்களில்தான். அதனால் இந்த மேட்டரை இப்போதே கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம்.

மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கும் வேலைமுறை

ஈஆர்பி, அதாவது எண்டர்பிரைஸ் ரிசோர்ஸ் பிளானிங், கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு, கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, விற்பனை, ஹெச்ஆர் என்று பல பிரிவுகள். ஒரு காலத்தில் ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று ஒரு சாஃப்ட்வேர், தனக்கென்று ஒரு டேட்டாபேஸ் வைத்திருந்தது. கிடங்கில் 400 பெட்டி இருக்குன்னு ஒரு பிரிவு சொல்லும். 370 தான்னு இன்னொன்று சொல்லும். இரண்டையும் உட்கார்ந்து ஒப்பிடவே தனியாக ஆட்கள். இதற்குத் தீர்வாக வந்ததுதான் ஈஆர்பி: எல்லாப் பிரிவுக்கும் ஒரே டேட்டாபேஸ், ஒரே மென்பொருள். 1972-ல் ஜெர்மனியில், ஐபிஎம்மிலிருந்து வெளியே வந்த ஐந்து எஞ்சினியர்கள் தொடங்கிய எஸ்ஏபி இந்தத் துறையின் பெரிய பெயர். ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் ஆகியவையும் களத்தில் இருக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். எம்எஸ் வேர்டு வாங்கினால், அதில் கவிதையும் எழுதலாம், கடன் பத்திரமும் எழுதலாம். அது உங்களைக் கேள்வி கேட்காது. ஈஆர்பி அப்படி இல்லை. "முதலில் கொள்முதல் கோரிக்கை, அதற்கு ஒப்புதல், பிறகு ஆர்டர், சரக்கு வந்ததும் பதிவு, பில் சரிபார்ப்பு, அப்புறம்தான் பணம்" என்று ஒரு கம்பெனி எப்படி இயங்கணும்ங்கிற அனுமானம் அதன் டேபிள்களுக்குள்ளேயே இருக்கிறது. ஈஆர்பி வாங்கும்போது நீங்கள் கோடை மட்டும் வாங்கவில்லை. ஒரு வேலைமுறையையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

உங்கள் கம்பெனி வேலை செய்யும் விதமும் மென்பொருள் எதிர்பார்க்கும் விதமும் ஒத்துவரவில்லை என்றால் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, கம்பெனியின் வேலைமுறையை மாற்றுவது. இரண்டு, மென்பொருளை வளைப்பது. இதைத்தான் கஸ்டமைசேஷன் என்கிறோம். மூன்று, "இது நமக்குச் சரிப்படாது" என்று வேறு மென்பொருளைத் தேடுவது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் யோசித்துத் தேர்ந்தெடுக்கணும். பெரும்பாலும் நடப்பது, யாரும் யோசிக்காமலே இரண்டாவது வழியில் வழுக்கி விழுவதுதான்.

ஃபோர்டில் 500 பேர், மஸ்டாவில் 5 பேர்

தோல்விக் கதைகளுக்கு முன், மறுயோசனை என்றால் என்னன்னு காட்டும் ஒரு நல்ல கதை. எம்ஐடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஹாமர், 1990-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையால் இது பிரபலமானது. ஆட்டோமேட் செய்யாதீர்கள், அடியோடு அழித்துவிடுங்கள் என்ற பொருளில் அந்தக் கட்டுரைக்குத் தலைப்பே வைத்திருந்தார்.

1980-களின் தொடக்கம். அமெரிக்க கார் தொழில் தள்ளாடிய காலம். ஃபோர்டு கம்பெனி செலவைக் குறைக்க இடம் தேடியது. வட அமெரிக்காவில், சப்ளையர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். புது கம்ப்யூட்டர்கள் போட்டு, வேலையைக் கொஞ்சம் சீர்படுத்தினால் 400 பேரில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். 20 சதவீதம் மிச்சம். நல்ல திட்டம்தானே?

அப்போது மஸ்டாவை எட்டிப் பார்த்தார்கள். மஸ்டாவில் ஃபோர்டுக்கு அப்போது சுமார் 25 சதவீதப் பங்கு இருந்தது. அங்கே அதே வேலையைச் செய்த ஆட்கள் மொத்தம் 5 பேர்! மஸ்டா சின்னக் கம்பெனிதான். அந்த அளவு வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் ஃபோர்டின் பிரிவு இருக்க வேண்டியதைப்போல ஐந்து மடங்கு பெரிதாக இருந்தது.

ஃபோர்டில் நடந்தது இதுதான். கொள்முதல் பிரிவு ஆர்டர் போட்டு, அதன் நகலைப் பட்டுவாடா பிரிவுக்கு அனுப்பும். சரக்கு வந்ததும் கிடங்கு இன்னொரு தாளை அனுப்பும். சப்ளையர் தன் பங்குக்கு இன்வாய்ஸ் அனுப்புவார். மூன்று தாளையும் பக்கத்தில் வைத்து 14 விவரங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் காசு. எல்லாம் ஒத்துப்போனால் வேலை சுலபம். ஒத்துப்போகாததைத் தேடித் துருவுவதில்தான் அந்த 500 பேரின் பெரும்பகுதி நேரம் போனது.

இந்த இடத்தில் நாம் எல்லோரும் சொல்லக்கூடிய ஐடியா என்ன? "மூன்று தாளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு மேட்சிங் அல்காரிதம் எழுதிடலாம்!" ஃபோர்டு அதைச் செய்யவில்லை. இன்வாய்ஸையே ஒழித்துக்கட்டியது.

புது முறையில், கொள்முதல் பிரிவு ஆர்டரை ஒரு பொது டேட்டாபேஸில் பதியும். நகல் யாருக்கும் போகாது. சரக்கு லாரி வந்ததும் கிடங்கு வாசலில் இருக்கும் ஊழியர் டேட்டாபேஸைப் பார்ப்பார். ஆர்டரோடு ஒத்துப்போனால் "வந்தது" என்று பதிவார். பணம் தானாகப் போய்விடும். ஒத்துப்போகவில்லையா? சரக்கு அப்படியே திரும்பிப் போகும். இப்போது ஒத்துப்பார்க்க வேண்டியவை 3 விவரங்கள் மட்டும்: பாகத்தின் எண், அளவை, சப்ளையரின் குறியீடு. புது முறை வந்த இடங்களில் ஆள்தேவை 75 சதவீதம் குறைந்தது.

கம்ப்யூட்டர் இரண்டு திட்டத்திலும் இருந்தது. முதல் திட்டத்தில் அது தாள் ஒப்பிடும் வேலையை வேகப்படுத்தியிருக்கும். இரண்டாவது திட்டத்தில் அந்த வேலையே காணாமல் போனது. மாறியது ஒரே ஒரு விதி: "இன்வாய்ஸ் வந்ததும் பணம்" என்பது "சரக்கு வந்ததும் பணம்" என்றானது. 20-க்கும் 75-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் அந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

இதைச் சொல்ல ஹாமர் மாட்டுத் தடத்தை உவமையாக எடுத்துக்கொண்டார். மாடுகள் மேய்ச்சலுக்குப் போன வழி வளைந்து வளைந்து கிடக்கும். அதே வளைவுகளின் மேல் தார் போட்டால் சாலை பளபளப்பாக இருக்கும், தூரம் குறையாது.

லிடில்: ஏழு வருடம், 50 கோடி யூரோ

இனி தோல்விகள். லிடில் என்பது ஜெர்மனியின் பெரிய சூப்பர்மார்க்கெட் சங்கிலி. 2011-ல் தன் பழைய, சொந்தமாக எழுதிய சரக்கு நிர்வாக மென்பொருளைத் தூக்கிவிட்டு எஸ்ஏபிக்கு மாற முடிவெடுத்தது. ப்ராஜெக்டின் பெயர் எல்விஸ். இரண்டு நிறுவனங்களும் ஜெர்மனியின் ஒரே மாநிலத்தைச் சேர்ந்தவை. பணத்துக்கும் பஞ்சமில்லை, திறமைக்கும் பஞ்சமில்லை. 2015 முதல் ஆஸ்திரியா போன்ற சில சின்ன சந்தைகளில் ஓடவும் தொடங்கியது. ஆனால் 2018 ஜூலையில் ப்ராஜெக்டை லிடில் கைவிட்டது. அதுவரை ஆன செலவு சுமார் 50 கோடி யூரோ என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 4,000 கோடி ரூபாய்.

பிரச்சினையின் நடுவில் இருந்ததாகச் சொல்லப்பட்ட விஷயம் கேட்கும்போது சப்பென்று இருக்கும். கடையில் இருக்கும் சரக்கின் மதிப்பை லிடில் வாங்கிய விலையில் கணக்கிடும். எஸ்ஏபியின் சில்லறை வணிக மென்பொருள் வழக்கமாக விற்கும் விலையில் கணக்கிடும். அவ்வளவுதான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். பிஸ்கட் பாக்கெட் 10 ரூபாய்க்கு வாங்கி 12 ரூபாய்க்கு விற்கிறீர்கள். கடையில் 1,000 பாக்கெட் இருக்கிறது. சரக்கு மதிப்பு எவ்வளவு? லிடில் முறையில் 10,000 ரூபாய். மற்ற முறையில் 12,000 ரூபாய். "ஒரு ஃபார்முலாவை மாத்தினா போச்சு" என்று தோன்றும். ஆனால் அந்த எண் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். தள்ளுபடி விலை போட்டால் ஒரு முறையில் சரக்கு மதிப்பே மாறும், இன்னொன்றில் மாறாது. ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குச் சரக்கு அனுப்பும்போது எந்த மதிப்பில் அனுப்புவது? திருட்டு, சேதம் எல்லாம் எந்த மதிப்பில் கழியும்? லாபக் கணக்கு, மாதாந்திர ரிப்போர்ட், பொதுப் பேரேடு என்று சரக்கைத் தொடும் ஒவ்வொரு மாட்யூலும் இந்த அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது. அஸ்திவாரத்தில் ஒரு கல்லை மாற்றினால் ஒவ்வொரு மாடியிலும் முட்டுக்கொடுக்க வேண்டும்.

லிடில் தன் முறையை விட்டுக்கொடுக்கவில்லை. மென்பொருளை வளைத்தார்கள். வளைக்க வளைக்கச் செலவும் சிக்கலும் ஏறின, வேகம் குறைந்தது. இன்னொரு கஷ்டமும் உண்டு. எஸ்ஏபி புது வெர்ஷன் வெளியிடும் ஒவ்வொரு முறையும், நீங்கள் கைவைத்த ஒவ்வொரு இடத்தையும் திரும்ப டெஸ்ட் செய்யணும். ரெடிமேட் மென்பொருள் வாங்குவதன் லாபமே பிறர் பராமரித்துத் தருவார்கள் என்பதுதான். அது போய்விட்டால், சொந்தமாக எழுதும் சுமையும் ரெடிமேடின் விலையும் சேர்ந்து உங்கள் தலையில்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடணும். வாங்கிய விலையில் கணக்குப் பார்ப்பது தப்பான முறை இல்லை. அதை வைத்துத்தான் லிடில் அவ்வளவு பெரிதாக வளர்ந்தது. "இந்த முறை நமக்கு உயிர்நாடியா, இல்லை வெறும் பழக்கமா?" என்ற கேள்விக்கு முதல் வருடத்திலேயே பதில் சொல்லியிருந்தால், மாறுவதா, வேறு மென்பொருள் தேடுவதா என்று அப்போதே முடிவாகியிருக்கும். ஏழாவது வருடத்தில் வந்த பதிலுக்குத்தான் அந்த விலை.

விமானப்படை: சட்டமே சொல்லியும்

அடுத்த உதாரணத்தில் லாப நஷ்டக் கணக்கே கிடையாது. அமெரிக்க விமானப்படை 2004 வாக்கில் ஒரு மாபெரும் தளவாட நிர்வாக ப்ராஜெக்டைத் தொடங்கியது. சுருக்கமாக ஈசிஎஸ்எஸ். உதிரி பாகம், கிடங்கு, பராமரிப்பு எல்லாவற்றுக்கும் இருந்த 200-க்கும் மேற்பட்ட பழைய சிஸ்டம்களை எடுத்துவிட்டு, ஆரக்கிளின் ரெடிமேட் மென்பொருள் ஒன்றை வைப்பது திட்டம். 2012 நவம்பரில் அதைக் கைவிட்டார்கள். அதற்குள் 100 கோடி டாலருக்கு மேல் காலி. அன்றைய மதிப்பில் சுமார் 5,500 கோடி ரூபாய். இன்னும் அதே அளவு பணம் போட்டாலும் முதலில் திட்டமிட்டதில் கால்வாசிதான் கிடைக்கும் என்ற நிலையில்தான் நிறுத்தினார்கள்.

2014-ல் அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழு இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. வேலைமுறையை மறுவடிவமைக்காமல் விட்டதை முக்கியக் காரணமாக அது சுட்டிக்காட்டியது. இதில் கொடுமை என்னன்னா, இப்படிப்பட்ட ப்ராஜெக்ட்களுக்குப் பணம் ஒதுக்கும் முன் வேலைமுறையை மறுபரிசீலனை செய்தாக வேண்டும் என்று 2009-லேயே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டிருந்தது. சட்டம் இருந்தது, ஃபார்மும் இருந்தது. "செய்துவிட்டோம்" என்று தாங்களே தங்களுக்குச் சான்று கொடுத்துக்கொள்ளவும் வழி இருந்தது.

அறிக்கை சொன்ன இன்னொரு விஷயம்: எட்டு வருடத்தில் ஆறு ப்ராஜெக்ட் மேனேஜர்கள். வேலைமுறையை மாற்றுவதென்றால் பல பிரிவுகளோடு மல்லுக்கட்டணும். ஒரு வருடம் சொச்சத்தில் கிளம்பிப் போகப்போகிறவர் எதற்காக அந்த வம்பை விலைக்கு வாங்குவார்?

ஃப்ளோசார்ட்டில் இல்லாத கிடங்குகள்

"சரி, வேலைமுறையை டாக்குமென்ட் பண்ணிட்டா போதும்தானே?" என்று கேட்கலாம். இங்கேதான் ஹெர்ஷி சாக்லெட் கம்பெனியின் கதை உதவும்.

அமெரிக்காவில் ஹாலோவீன் என்றால் மிட்டாய் விற்பனை உச்சத்தில் இருக்கும், நமக்குத் தீபாவளிக்கு இனிப்பு மாதிரி. 1999-ல் ஹெர்ஷி சுமார் 11 கோடி டாலர் செலவில் மூன்று பெரிய மென்பொருள்களை ஒன்றாக இணைத்து, ஜூலையில், சீசன் ஆர்டர்கள் குவியத் தொடங்கும் நேரத்தில், ஒரே மூச்சில் இயக்கியது. கிடங்கில் சாக்லெட் இருந்தது, கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். ஆனாலும் சரக்கு போய்ச் சேரவில்லை. சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை நிறைவேற்ற முடியவில்லை. அந்தக் காலாண்டின் லாபம் 19 சதவீதம் சரிந்தது.

அவசரம், ஒரே நேரத்தில் மூன்று மென்பொருள், தப்பான மாதம் என்று காரணங்கள் பல. அப்போது வெளிவந்த அலசல்களில் சொல்லப்பட்ட ஒரு காரணம் நம் தலைப்புக்கு நேராக வருகிறது. சீசன் நெருங்கும்போது ஊழியர்கள் சரக்கைத் தொழிற்சாலையின் காலி அறைகளிலும் தற்காலிக வாடகைக் கிடங்குகளிலும் அடுக்கிவைப்பது வழக்கம். வேலை செய்பவர்களுக்கு அது மனப்பாடம். ஆனால் அந்த இடங்களெல்லாம் "கிடங்கு" என்று சிஸ்டத்தில் பதியப்படவில்லை. கண்ணுக்கு முன்னால் சாக்லெட் மலை. சிஸ்டத்தைக் கேட்டால் அங்கே ஒன்றும் இல்லை.

எந்த நிறுவனத்திலும் வேலைமுறை இரண்டு உண்டு. மேனேஜர் ஃபைலில் ஒன்று. தினமும் நடப்பது இன்னொன்று. ரிக்வயர்மென்ட் மீட்டிங்கில் பேசப்படுவது பெரும்பாலும் முதலாவது. மென்பொருள் மோதுவது இரண்டாவதோடு.

ஏன் யாரும் கேட்பதில்லை?

இவ்வளவு அனுபவம் இருந்தும் ஏன் திரும்பத் திரும்ப இதே தப்பு? யாரும் முட்டாள் இல்லை. ஒவ்வொருவருக்கும் கேட்காமல் இருக்க ஒரு நியாயமான காரணம் இருக்கிறது.

க்ளையண்டின் மேலதிகாரிக்கு: மென்பொருள் வாங்குவது ஒரு கையெழுத்தில் முடியும். இரண்டு பிரிவுகளின் அதிகாரத்தைத் தொடுவது வருடக்கணக்கில் இழுக்கும் தகராறு. அதனால் "எங்க ப்ராசஸ் அப்படியே இருக்கட்டும், சாஃப்ட்வேரை அதுக்கு ஏத்த மாதிரி பண்ணுங்க" என்பார்.

மென்பொருள் செய்து கொடுக்கும் கம்பெனிக்கு: ஒவ்வொரு கஸ்டமைசேஷனும் கூடுதல் பில். "இது உங்களுக்குத் தேவையில்லை சார்" என்று சொன்னால் க்ளையண்டுக்குக் கோபம், நமக்கு நஷ்டம்.

ஐடி பிரிவுக்கு: ப்ராஜெக்டை அவர்கள் தலையில் கட்டியாச்சு. ஆனால் கிடங்கு விதியை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

தினமும் அந்த வேலையைச் செய்பவருக்கு: இதுதான் முக்கியம். "இந்தப் படி தேவையா?" என்ற கேள்வி அவர் காதில் "நீங்க தேவையா?" என்றுதான் விழும். அந்தப் பயம் பொய்யும் இல்லை. ஃபோர்டில் 75 சதவீதம் என்ற எண்ணை நாம் பெருமையாகப் படித்தோம். அந்த மேஜைகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது வெறும் எண் அல்ல. 1990-களில் "ரீஎஞ்சினியரிங்" என்ற சொல்லே ஆட்குறைப்புக்கு இன்னொரு பெயராகிப்போனது. மனிதர்கள் பக்கத்தைப் போதுமான அளவு யோசிக்கவில்லை என்று ஹாமரே 1996-ல் ஒப்புக்கொண்டார்.

ஆகவே, வேலைமுறையை மாற்றுவது என்பதில் "அந்த ஆட்கள் இனி என்ன செய்வார்கள்?" என்ற கேள்வியும் சேர்ந்தே இருக்கணும். அதற்குப் பதில் இல்லாமல் போனால், கிடங்கில் ஒளிந்திருக்கும் நிஜ வேலைமுறையை உங்களுக்கு யாரும் சொல்லித் தர மாட்டார்கள். தன் வேலைக்கே வேட்டு வைக்கும் விவரத்தை எவரும் முன்வந்து கொடுப்பதில்லை.

நம் ஊரில் ஒரு உதாரணம்

உங்களில் சிலர் பாஸ்போர்ட் எடுத்திருப்பீர்கள். 2010-ல் கர்நாடகாவிலும் சண்டிகர் பகுதியிலும் சோதனையாகத் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் வந்த பாஸ்போர்ட் சேவை ப்ராஜெக்ட், டிசிஎஸ் நிறுவனத்தோடு சேர்ந்து வெளியுறவுத் துறை செய்தது. வெறும் ஆன்லைன் ஃபார்ம் போட்டு நிறுத்தியிருந்தால் அதுவும் மாட்டுத் தடத்துக்குப் போட்ட தார்தான். ஆனால் அங்கே வேலையின் வரிசையையே மாற்றினார்கள். நேரம் முன்பதிவு செய்து போகிறோம். ஏ கவுண்டரில் கம்பெனி ஊழியர் ஆவணங்களை ஸ்கேன் செய்து, போட்டோவும் கைரேகையும் அங்கேயே எடுக்கிறார். பி கவுண்டரில் அரசு அதிகாரி சரிபார்க்கிறார். சி கவுண்டரில் இன்னொரு அதிகாரி முடிவெடுக்கிறார். எல்லாம் ஒரே நாளில், ஒரே கட்டடத்தில். தரவு சேர்ப்பது தனியாரிடம், முடிவு அரசிடம் என்று வேலையையும் தெளிவாகப் பிரித்துவிட்டார்கள்.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள். போலீஸ் விசாரணை மாநிலக் காவல்துறையின் கையில் இருப்பதால் அந்தக் கட்டடத்துக்குள் அடங்காது. நமக்குக் காத்திருப்பு பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஒரு ப்ராஜெக்டின் எல்லைக்கு வெளியே இருக்கும் படியை, உள்ளே எழுதும் கோடால் சரிசெய்ய முடியாது.

அப்போ நாம் என்ன செய்யலாம்?

ஃப்ரெஷராகப் போகும் உங்களிடம் யாரும் "கம்பெனியை மாற்றியமைத்துக் கொடு" என்று கேட்கப்போவதில்லை. ஆனால் ரிக்வயர்மென்ட் எழுதும் மேஜையில், டெஸ்ட் கேஸ் எழுதும் மேஜையில் நீங்கள்தான் இருப்பீர்கள். சிஸ்டத்துக்கும் நிஜத்துக்கும் நடுவில் இடைவெளி விழுவதை முதலில் பார்க்கும் ஆளும் நீங்கள்தான். அப்போது கையில் வைத்துக்கொள்ளச் சில கேள்விகள்:

1. இந்தப் படி எந்தப் பிரச்சினைக்காக வந்தது? அந்தப் பிரச்சினை இன்னும் இருக்கிறதா? கார்பன் தாள் காலத்து விதிகள் இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கின்றன.

2. இதை எடுத்துவிட்டால் யாருக்கு என்ன ஆகும்? "எப்பவும் இப்படித்தான்" என்று மட்டும் பதில் வந்தால், அங்கே கொஞ்சம் தோண்டலாம். "ஆடிட்டில் பிடிப்பார்கள்" என்று வந்தால் அது உண்மையான காரணம், மதிக்கணும்.

3. ஒரே தகவலை எத்தனை பேர், எத்தனை முறை எழுதுகிறார்கள்? ஃபோர்டின் மூன்று தாள்கள் நினைவிருக்கட்டும்.

4. மாதக் கடைசியிலும் பண்டிகை சீசனிலும் இந்த வேலை எப்படி நடக்கிறது? சாதாரண நாளை மட்டும் கேட்டால் ஹெர்ஷியின் காலி அறைகள் உங்கள் டாக்குமென்டில் வராது. முடிந்தால் மேனேஜரிடம் கேட்டதோடு நிற்காமல், ஒரு நாள் கிடங்குக்காரர் அண்ணன் பக்கத்தில் நின்று பாருங்கள்.

5. இது இந்தக் கம்பெனியின் தனித்தன்மையா, பழக்கமா? தனித்தன்மை என்றால் காசு போட்டு மென்பொருளை வளைப்பதில் நியாயம் உண்டு. லீவு லெட்டருக்கு ஒப்புதல் கொடுக்கும் வரிசை எல்லாம் எந்தக் கம்பெனிக்கும் தனித்தன்மை ஆகாது.

6. மாற்ற முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம்? வேலை மாறப்போகிறவரிடம் யாராவது பேசினார்களா?

இந்தக் கேள்விகளைக் கேட்டால் எல்லா ப்ராஜெக்டும் ஜெயிக்கும் என்று சொல்லவில்லை. மட்டமான கோட், அசுத்தமான டேட்டா, நடக்காத டெட்லைன் என்று கவிழ்வதற்கு வேறு ஆயிரம் வழி இருக்கிறது. ஆனால் இவற்றைக் கேட்காத ப்ராஜெக்டில் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், வேண்டாத ஒரு வேலையை மின்னல் வேகத்தில் செய்து முடிக்கும் சிஸ்டம்தான் கடைசியில் கிடைக்கும்.

பழகிப் பார்க்க வேலைக்குச் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த மினி ப்ராஜெக்டுக்கு ஹாஸ்டல் அவுட்பாஸையோ நோ டியூஸ் ஃபார்மையோ எடுக்கிறீர்களா? ஈஆர் டயக்ராம் வரைவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அந்த ஃபார்ம் இன்று யார் யார் கைக்குப் போகிறது, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று வரையுங்கள். வார்டனையும் லைப்ரரி அக்காவையும் நேரில் பார்த்துக் கேளுங்கள். பிறகு எந்தெந்தப் பெட்டியை அடிக்கலாம் என்று பாருங்கள். வைவாவில் "என்ன டெக்னாலஜி யூஸ் பண்ணீங்க?" என்ற கேள்விக்கு எல்லா டீமிடமும் பதில் இருக்கும். "ஒன்பது படி இருந்தது சார், நாலாக்கிட்டோம், இதோ காரணம்" என்று சொல்ல உங்கள் டீமால் மட்டும்தான் முடியும்.